மாநிலம் தேங்கி நிற்கிறதா? அறிகுறி பார்த்துப் பழுது கண்டுபிடிக்கும் வழி

"பீகார் ஏன் இப்படி இருக்கு?" என்பது சேலத்தில் இப்போது டீக்கடைக் கேள்வி. ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலைக் களங்களில் ஈர மாவைக் கிளறிக் காயவைப்பவர்கள், சிவதாபுரம் பக்கத்துக் கொலுசுப் பட்டறைகளில் உட்கார்ந்திருப்பவர்கள், ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிப்பவர்கள் என்று எங்கே பார்த்தாலும் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா ஆட்கள். கேள்விக்குக் கிடைக்கும் பதில் வழக்கமாக இரண்டுதான். "அங்க இருக்கற அரசியல்வாதி பூரா திருடன்" என்பது ஒன்று. "அந்த ஜனங்களே அப்படித்தான்" என்பது இன்னொன்று. முதலாவது பாதி உண்மை. இரண்டாவது முழுப் பொய். இந்த இரண்டில் எதை வைத்துக்கொண்டும் ஒரு பழுதையும் நீக்க முடியாது.

அதனால் இங்கே அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன். பெரும்பாலான உதாரணங்கள் பீகாரிலிருந்து வரும். ஆனால் சோதனைகளை எந்த மாநிலத்துக்கும் போட்டுப் பார்க்கலாம். நம்முடையதற்கும்தான்.

எதையும் தொடுவதற்கு முன்: ஆளை இடம் மாற்றிப் பாருங்கள்

பல்பு எரியவில்லை என்றால் உடனே தூக்கி எறிய மாட்டோம். வேறு ஹோல்டரில் மாட்டிப் பார்ப்போம். அங்கே எரிந்தால் பழுது பல்பில் இல்லை. தர்பங்காவிலோ கயாவிலோ மாதத்தில் பாதி நாள் வேலையில்லாமல் இருந்த அதே பையன், சேலம் ஜங்ஷனில் தன்பாத்–ஆலப்புழா ரயிலிலிருந்து இறங்கிய மறுவாரமே ஓவர்டைம் பார்த்து ஊருக்குப் பணம் அனுப்புகிறான். ஆள் அதே ஆள். மாறியது அவனைச் சுற்றி இருப்பவை.

சுற்றி இருப்பவற்றில் நான்கைப் பார்த்தால் போதும். வேலையைச் செய்ய ஆள் போட்டிருக்கிறார்களா? அந்த ஆளிடம் முடிவெடுக்க அதிகாரம் இருக்கிறதா? பணம் அந்த மேசைவரை வருகிறதா? செய்யாவிட்டால் கேள்வி கேட்க யாராவது உண்டா? நாம் தலைநகரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். என் கணிப்பில் பழுது பெரும்பாலும் கடைசி மேசையில் இருக்கிறது: தாலுகா ஆபீஸ், ஊராட்சி, ஆரம்பப் பள்ளி. ஆட்சி மாறினாலும் மாறாமல் கிடப்பது அந்த மேசைதான்.

அறிகுறி: வேலை செய்யும் வயதில் இருப்பவர்கள் ஊரில் இல்லை

இது பழைய நோய். ஆகவே பழைய காரணங்களையும் பார்த்தாக வேண்டும்.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தார். இங்கே வரி வசூலிக்க வந்தவர் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளர் தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து, உழுகிறவன் பெயரிலேயே வரி போடும் ரயத்துவாரி முறை உருப்பெற்றது இந்தச் சீமையில்தான். சரியாக அடுத்த வருஷம், 1793-இல், வங்காளத்திலும் பீகாரிலும் காரன்வாலிஸ் வேறொன்றைச் செய்தார். ஜமீன்தார்களிடம் நிலையான ஒரு தொகை பேசி, மீதியை அவர்கள் பாடு என்று விட்டார். நிரந்தர ஒப்பந்தம் என்பது அதுதான். (சேலத்துக்கும் 1802-க்குப் பிறகு மிட்டாதாரி என்ற பெயரில் அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. பல மிட்டாக்கள் கடனில் போயின.)

இந்த வித்தியாசம் வெறும் வரலாற்றுப் பாடம் இல்லை. உழுகிறவனிடம் நேரடியாக வரி வாங்குகிற அரசாங்கத்துக்குக் கிராமம்தோறும் ஒரு கர்ணம், ஒரு கணக்கு, ஒரு அளவுக்கல் தேவைப்பட்டது. ஜமீன்தாரிடம் மொத்தமாக வாங்குகிற அரசாங்கத்துக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. கடைசி மேசை அங்கே முளைக்கவே இல்லை. அபிஜித் பானர்ஜியும் லக்ஷ்மி ஐயரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஜமீன் முறை இருந்த மாவட்டங்கள் சுதந்திரத்துக்குப் பிறகும் விவசாய விளைச்சலிலும் பள்ளி, மருத்துவ வசதியிலும் பின்தங்கியே இருந்ததைக் காட்டினார்கள். பீகாரில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1950-இல் வந்தது. சட்டம் ஜமீனை ஒழித்தது. அதன் இடத்தில் ஒரு தாலுகா ஆபீஸைக் கட்டி எழுப்பவில்லை.

இரண்டாவது காரணத்தில் நமக்கும் பங்கு உண்டு. 1950-களில் மத்திய அரசு சரக்குக் கட்டணச் சமன் கொள்கையைக் கொண்டுவந்தது. இரும்பு, சிமெண்ட் போன்றவை நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் ஒரே கூலி. அப்போது ஜாம்ஷெட்பூர் பீகாரில் இருந்தது. உருக்காலைக்குப் பக்கத்தில் பட்டறை போட்டால் லாபம் என்ற ஒரே சாதகத்தையும் இந்தக் கொள்கை அடித்துவிட்டது. சேலத்துப் பட்டறைக்கும் அங்கிருக்கும் பட்டறைக்கும் இரும்பு ஏறக்குறைய ஒரே விலையில் கிடைக்கும் என்றால், துறைமுகமும் சந்தையும் பக்கத்தில் இருக்கிற ஊரில்தானே தொழில் தொடங்குவார்கள்? மகாராஷ்டிரம், குஜராத், தமிழ்நாடு எல்லாம் இதில் பலன் கண்டவை. 1990-களின் தொடக்கத்தில் கொள்கையைக் கைவிட்டபோது தொழில்கள் ஏற்கெனவே வேறிடத்தில் வேர் விட்டிருந்தன. 2000 நவம்பர் 15-இல் ஜார்க்கண்ட் பிரிந்ததும் நிலக்கரி, இரும்புத்தாது, ஜாம்ஷெட்பூர், பொகாரோ எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. பீகாருக்கு மிஞ்சியது வெள்ளம் வரும் சமவெளியும் ஜனத்தொகையும்.

பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2024-இல் போட்ட கணக்கைப் பாருங்கள். 1960-61-இல் பீகாரின் தனிநபர் வருமானம் இந்தியச் சராசரியில் 70%. 2000-01-இல் 31%. 2023-24-இல் 33%. கடைசி இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சரிவு நின்றுவிட்டது, ஏற்றம் தொடங்கவில்லை. 2005-க்குப் பிறகு அங்கே வளர்ச்சி வேகம் நன்றாகவே இருந்தும் இதுதான் நிலை, ஏனென்றால் மற்றவர்களும் சும்மா நிற்கவில்லை.

இந்த அறிகுறிக்கு "தொழிற்சாலை கொண்டு வா" என்று உடனே மருந்து எழுதுவது தப்பு. கீழே உள்ள அறிகுறிகளில் எது எது சேர்ந்து இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அங்கே போக வேண்டும்.

அறிகுறி: பணம் ஒதுக்கியாச்சு, வேலை நடக்கவில்லை

நம்மூரில் அடிக்கடி கேட்கிற மனக்குறை: "நம்ம வரிப்பணம் அங்க போகுது." கணக்கு உண்மைதான். 15-ஆவது நிதிக்குழு மத்திய வரிப் பகிர்வில் பீகாருக்குக் கொடுத்தது 10.058%. தமிழ்நாட்டுக்கு 4.079%. இது நியாயமா என்பது தனி வழக்கு. அதில் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் பழுது பார்க்கிறவனாக நான் கவனிப்பது வேறு. அவ்வளவு பணம் போயும் வேலை நடக்கவில்லை என்றால், அறுந்தது பணக் கம்பி இல்லை.

சோதனை எளிது. எந்த மாநில பட்ஜெட் புத்தகத்திலும் ஒரு துறையின் பக்கத்தைத் திறந்தால் முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கு, இந்த ஆண்டின் வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு என்று பத்திகள் இருக்கும். டி.வி.யில் வாசிப்பது மதிப்பீட்டை. நீங்கள் பார்க்க வேண்டியது உண்மைக் கணக்கை. இரண்டு வருஷப் புத்தகங்களை எடுத்து, அன்று அறிவித்த தொகையையும் பிறகு செலவான தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சம்பளத் தலைப்பில் பொதுவாகப் பெரிய வித்தியாசம் இருக்காது. கட்டுமானம், நீர்ப்பாசனம், பள்ளிக் கட்டடம் போன்ற தலைப்புகளில் பெரிய பள்ளம் தெரிந்தால், ஆள் இல்லை அல்லது அதிகாரம் இல்லை என்று அர்த்தம். டெண்டர் விட எஞ்சினியர் இல்லை, நிலம் எடுக்க வருவாய் அலுவலர் இல்லை, கோப்பு மேலே போய்விட்டுத் திரும்பவில்லை. மார்ச் மாதம் வந்ததும் பாதிப் பணம் சரண்டர் ஆகும். மீதி அவசர அவசரமாகச் செலவாகும்.

அடுத்த சோதனை, பயன்பாட்டுச் சான்றிதழ். கொடுத்த பணத்தை எதற்காகக் கொடுத்தார்களோ அதற்கே செலவழித்தேன் என்று கீழ் அலுவலகம் எழுதித் தரும் காகிதம். பீகாரில் 2024 மார்ச் வரை 70,000 கோடி ரூபாய்க்கு மேல் இந்தச் சான்றிதழ் வராமல் நிலுவையில் இருப்பதாகத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சொன்னது. உடனே "70,000 கோடி ஊழல்" என்று பேசினார்கள். அப்படியில்லை. அதில் எவ்வளவு வேலையாக மாறியது, எவ்வளவு காணாமல் போனது என்று சொல்ல யாராலும் முடியவில்லை என்பதுதான் விஷயம். எனக்கு இது திருட்டைவிட மோசமாகத் தெரிகிறது. திருட்டைக் கண்டுபிடிக்கக்கூட ஒரு கணக்கு வேண்டும். 1996-இல் வெளிவந்த மாட்டுத்தீவன ஊழலில், போலி பில் மேல் போலி பில்லாகக் கருவூலத்திலிருந்து வருஷக்கணக்கில் பணம் எடுத்தார்களே, அது பிடிபட அத்தனை காலம் ஆனதும் இதனால்தான்.

அறிகுறி: ஒரு சான்றிதழுக்கு நாலு நடை, இரண்டு கை

இங்கே சேலத்து உதாரணமே போதும். பட்டா மாறுதல் இரண்டு வகை. முழு சர்வே எண்ணையும் அப்படியே வாங்கினால் உட்பிரிவு இல்லாத மாறுதல். காகிதத்தில் பெயர் மாற்றினால் முடிந்தது. ஒரு பகுதியை மட்டும் வாங்கினால் உட்பிரிவு செய்ய வேண்டும். சர்வேயர் நேரில் வந்து, சங்கிலி பிடித்து, கல் நட்டு, புலப்படத்தில் கோடு போட்டால்தான் ஆகும். ஓமலூரிலும் வாழப்பாடியிலும் கேட்டுப் பாருங்கள், முதல் வகை பெரிய தொந்தரவு இல்லாமல் முடிகிறது என்பார்கள். இரண்டாவதைப் பற்றிக் கேட்டால் பெருமூச்சுதான் பதில்.

ஒரே ஆபீஸ், ஒரே சட்டம், ஒரே ஆன்லைன் மனு. பிறகு ஏன் ஒன்று ஓடுகிறது, ஒன்று நிற்கிறது? இரண்டாவதில் ஒரு மனிதனின் கால் நிலத்தில் பட வேண்டும். அந்த மனிதன் ஒருவன், மனுக்கள் ஏராளம். வரிசை நீண்டால் வரிசையில் முன்னால் போவதற்கு ஒரு விலை பிறக்கும். லஞ்சத்தை நான் நியாயப்படுத்தவில்லை. வாங்குகிறவன் கெட்டவன்தான். ஆனால் அவனைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டு அந்த இடத்தை ஆறு மாதம் காலியாக வைத்தால், வரிசை இன்னும் நீண்டு, அடுத்து வருகிறவனின் விலை ஏறும்.

ஆகவே முதலில் பிரித்துப் பாருங்கள். எல்லாச் சான்றிதழும் தாமதமானால் பழுது கேள்வி கேட்பாரில்லாததில். குறிப்பிட்ட ஒரு வகை மட்டும் தாமதமானால் ஆள் பற்றாக்குறையில். முதல் வகைக்குச் சட்டம் உதவும். மத்தியப் பிரதேசம் 2010-இலும் பீகார் 2011-இலும் சேவை பெறும் உரிமைச் சட்டம் கொண்டுவந்தன. குறித்த நாளுக்குள் தராத அலுவலருக்கு அபராதம். ஆம், நாம் கேலி பேசும் அதே பீகார்தான்.

இரண்டாவது வகைக்குச் சட்டம் பயன்படாது. பீகாரின் நிலக் கணக்குகள் பெரும்பாலும் வெள்ளைக்காரன் காலத்தவை. இறந்துபோன தாத்தாவுக்குத் தாத்தா பெயரில் நிலம் இருக்கும். அனுபவிப்பது இருபது குடும்பம். அடிதடியும் கொலையும் அதிலிருந்துதான் கிளம்புகின்றன. வங்கிக் கடனும் கிடைக்காது, தொழிற்சாலைக்கு விற்கவும் முடியாது. 2024-இல் 45,000-க்கும் மேற்பட்ட கிராமங்களை மறுபடி அளக்கத் தொடங்கினார்கள். மெதுவாகத்தான் நகர்கிறது. ஆனாலும் அந்த மாநிலத்தில் நடக்கிற மிக முக்கியமான வேலை பாலமோ விமான நிலையமோ இல்லை, இதுதான் என்பேன்.

அறிகுறி: பள்ளி இருக்கிறது, படிப்பு இல்லை

சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இது சரியாகக்கூடியது என்று பீகாரே காட்டியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு அங்கே 61.8%, தமிழ்நாட்டில் 80.1%. 2006-இல் ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு சைக்கிள் கொடுத்தார்கள். பள்ளிக்கு வரும் பெண்கள் கண்ணுக்குத் தெரிய அதிகமானார்கள். அதே ஆண்டு பஞ்சாயத்துகளில் பெண்களுக்கு 50% இடம் ஒதுக்கியதில் நாட்டுக்கே முன்னோடி. 2023-இல் தேர்வு வைத்து ஒரு லட்சத்துக்கு மேல் ஆசிரியர்களை நியமித்தார்கள். ஆள் போட்டால் வேலை நடக்கிறது. ஆனால் படித்து வெளியே வருகிற பிள்ளைக்கு ஊரில் வேலை இல்லாவிட்டால், படித்தவனாக ரயிலேறுவான்.

அறிகுறி: ஒரு காலத்தில் முன்னணியில் இருந்த மாநிலம் பின்னால் போகிறது

இதைப் பீகார் மருந்தால் குணப்படுத்த முடியாது. இரண்டு மாதிரி இருக்கிறது.

மேற்கு வங்கம் 1960-61-இல் நாட்டின் உற்பத்தியில் 10.5% கொடுத்தது, 2023-24-இல் 5.6%. சரக்குக் கட்டணக் கொள்கை அதையும் அடித்தது. பிரிவினையில் சணல் விளையும் நிலம் ஒரு பக்கமும் ஆலைகள் மறுபக்கமும் போயின. அப்புறம் முற்றுகைப் போராட்டம், மின்வெட்டு. வேடிக்கை என்னவென்றால் 1978-இல் இடதுசாரி ஆட்சி தொடங்கிய ஆபரேஷன் பர்காவில் குத்தகை விவசாயிகளின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றினார்கள்; கிராமத்தில் விளைச்சல் கூடியது. கிராமத்தை ரிப்பேர் செய்த அதே ஆட்சியில் நகரம் கெட்டது. அதே ஆட்சியின் கடைசிக் காலத்தில் சிங்கூரில் நானோ ஆலைக்கு நிலம் எடுக்கப் போய், 2008-இல் ஆலையே குஜராத்துக்குக் கிளம்பிவிட்டது. விவசாயியைக் கேட்காமல் நிலம் எடுத்தால் என்ன ஆகும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 277 கிலோமீட்டர் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கு 2018-இல் கல் நட்டதும், நட்ட கல்லைப் பிடுங்கியதும், உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும், உச்ச நீதிமன்றம் அதை மாற்றியதும் எல்லாம் பார்த்தாயிற்று. சாலை மட்டும் வரவில்லை.

பஞ்சாப் வேறு மாதிரி. 1970-71-இல் அதன் தனிநபர் வருமானம் இந்தியச் சராசரியில் 169%, 2023-24-இல் 107%-க்குள். நெல், கோதுமை, நிச்சயக் கொள்முதல் என்று ஒரே பாதையில் ஓடி, 1997-இல் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் கொடுத்து, நிலத்தடி நீரும் கஜானாவும் சேர்ந்தே இறங்கின.

அறிகுறி: சம்பளம், ஓய்வூதியம், வட்டி போக ஒன்றும் மிஞ்சவில்லை

கடன் வாங்கியிருக்கிறார்களா என்று கேட்பது தப்பான கேள்வி. எதற்கு வாங்கினார்கள் என்பதே கேள்வி. பட்ஜெட்டில் நிதிப் பற்றாக்குறையை விட்டுவிட்டு வருவாய்ப் பற்றாக்குறையைப் பாருங்கள். அது இருந்தால், அன்றாடச் செலவுக்கே கடன் வாங்குகிறார்கள் என்று பொருள்.

தமிழ்நாட்டுக்கு இந்த அறிகுறி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் 2020-21 வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி. குடும்பத்துக்குக் கடன் 2.63 லட்சம். 2013-க்கு முன்பு பல ஆண்டுகள் உபரி காட்டிய மாநிலம் இது.

வருவாய் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். 1937 அக்டோபர் 1-இல் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கியது சேலம் மாவட்டத்தில். கள்ளுச் சாராய வருமானம் போனதும், அந்த ஓட்டையை அடைக்க 1939-இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். வியாபாரிகள் கொதித்தார்கள். ஆனால் மாநிலங்கள் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் பிழைத்தது அந்த வரியில்தான். ஒரு வருமானத்தை விடும்போது இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு விட்டார். அதுதான் ஆட்சித் திறமை. 2016-இல் பீகார் மதுவிலக்கு கொண்டுவந்தபோது அந்த அளவுக்குப் பெரிய மாற்று வரவு எதுவும் கையில் இல்லை. இங்கே 2003-லிருந்து டாஸ்மாக்கே சில்லறைக் கடை நடத்துகிறது. ஆண்டு வருவாய் 45,000 கோடியைத் தாண்டிவிட்டது. அதை விட முடியாமல் தவிக்கிற அரசாங்கமும் ஒரு விதத்தில் தேங்கிய அரசாங்கம்தான்.

அறிகுறி: புகார் சொல்ல ஆள் இல்லை

பீகாரில் 1978-க்குப் பிறகு பஞ்சாயத்துத் தேர்தல் 2001-இல்தான் நடந்தது. 23 வருஷம். சிரிக்க வேண்டாம். சேலம் மாநகராட்சியில் 2016-இல் பதவிக்காலம் முடிந்து, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். 60 வார்டுக்கும் ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலர் இல்லை. நம் மாவட்டத்து ஊராட்சிகளின் பதவிக்காலமும் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தனி அலுவலர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் வேலை போகாமல் இருக்க உங்கள் ஓட்டு தேவையில்லை. மேலே சொன்ன எல்லாப் பழுதையும் இது ஒன்று மோசமாக்கும், சத்தமில்லாமல்.

சரி, நீங்கள் செய்யக்கூடிய சோதனை

நாட்டையே திருத்த முடியாது. ஒரு மேசையைப் பரிசோதிக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுத ஒரு வெள்ளைத்தாளும் 10 ரூபாய் நீதிமன்ற வில்லையும் போதும். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், "ஏன்" என்றால் பதில் தர வேண்டியதில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். ஆவணத்தில் இருப்பதைக் கேளுங்கள்: இந்த அலுவலகத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பியவை எத்தனை, ஒவ்வொரு காலியிடமும் எந்தத் தேதியிலிருந்து காலி; சென்ற நிதியாண்டில் ஒதுக்கிய தொகை, செலவான தொகை, திருப்பி அனுப்பிய தொகை; வந்த உட்பிரிவு மனுக்கள், முடித்தவை, நிலுவை. ஆள், பணம், வேலை மூன்றும் இதிலேயே வந்துவிடும். கிராமத்தில் இருப்பவர்கள் இதே கேள்விகளைக் கிராம சபையில் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூட வேண்டும்.

பதிலுக்கு 30 நாள் கெடு. வராவிட்டாலோ, மழுப்பலாக வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையை மனுவின் நகலோடு பின் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் மனுவே வரவில்லை என்பார்கள்.